எதுல ஒப்பு?

பள்ளிக்கூடத்தில் அணி இலக்கணத்தில் நான் மதிப்பெண் இழந்ததே இல்லை. 'போல' வெளிப்படையாக வந்தால் உவமையணி, மறைந்து வந்தால் எடுத்துக்காட்டு உவமையணி, இயல்பாக நடப்பதன்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்றம். எல்லாம் விரல்நுனியில் இருந்தது. கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்காகக் குறுந்தொகைக்கு எளிய உரை எழுதுகிறார், கண்புரையால் எழுத்து தெரியாமல் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு அந்தத் துணிச்சலில்தான் போனேன்.

முதல் நாள் ஐயா புத்தகத்தைத் தொடவே இல்லை. "இன்னைக்குக் காலையில வீட்ல என்ன பேச்சு நடந்துச்சு? அப்படியே சொல்லுங்க தம்பி" என்றார். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், வேலைக்குத் தலைக்கு எண்ணூறு கேட்கிறார்கள், பால்காரரிடம் அரை லிட்டர் கூட வாங்க வேண்டும், தங்கச்சி டிசம்பர் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சொல்லி முடித்ததும் ஐயா விரலை மடக்கினார். "நாலு ஆகுபெயர்." நிறத்தின் பெயர் சுண்ணாம்புக்கு, உறுப்பின் பெயர் ஆளுக்கு, அளவின் பெயர் பாலுக்கு, மாதத்தின் பெயர் பூவுக்கு. இவற்றின் வகைகளை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவை நடமாடுவது மட்டும் அதுவரை என் காதில் விழவில்லை.

அடுத்த வாரம் உருவகம். 'மலர்முகம்' என்றால் முகம் முகமாகவே இருக்கிறது, மலர் அதற்குத் துணைக்கு வந்தது. 'முகமலர்' என்று திருப்பிப் போட்டால் முகம் மலராகவே ஆகிவிட்டது. "ஆனதுக்கப்புறம் அது மலர் மாதிரிதான் நடந்துக்கணும். விரியலாம், வாடலாம். முகமலர் கத்துச்சுன்னு எழுதப்படாது" என்றார். கல்லூரி மலரில் வந்த என் கவிதைகளை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். அவற்றில் கத்தும் மலர்கள் நிறைய இருந்தன.

பிறகுதான் குறுந்தொகைக்குள் போனோம். உ.வே.சா. 1937இல் வெளியிட்ட பதிப்பின் மறு அச்சு மேசைமேல் இருக்கும். நான் வாசிப்பேன், ஐயா கண்ணை மூடிக் கேட்பார், உரையை முதலில் நான் எழுதிப் பார்க்க வேண்டும். அதில் என்னை மிகவும் ஈர்த்தவர்கள் பெயர் தொலைந்த புலவர்கள். பாடலில் வந்த தொடரே அவர்களுக்குப் பெயராக நின்றுவிட்டது: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார். ஊர், குலம், தந்தை பெயர் எல்லாம் போய், ஓர் உவமை மட்டும் ஆளை நிறுத்தி வைத்திருக்கிறது. எவ்வளவு பெரிய பேறு அது!

ஓரேருழவனாரின் பாட்டு 131ஆவது. வினைமுடித்துத் திரும்பும் தலைவனின் நெஞ்சு, தலைவி இருக்கும் தொலைவான ஊரை நோக்கிப் பரபரக்கிறது. ஈரம் பட்ட புனத்தில் ஒரே ஏர் வைத்திருக்கும் உழவனைப் போல. உழவன் விரைந்து உழுவதுபோல் தலைவன் நெஞ்சு விரைந்தது, புலவர் அழகாக உவமித்துள்ளார் என்று எழுதிக்கொண்டு போனேன்.

"எதுல ஒப்பு?" என்றார் ஐயா.

"வேகத்துல."

"வேகம்னா நாலு ஏர் பூட்டுனவன்தானே வேகம்? ஒத்த ஏர்க்காரனை ஏன் பிடிச்சாரு?"

பதில் இல்லை. 'அழகாக உவமித்துள்ளார்' என்பதையும் அடிக்கச் சொன்னார். அந்தச் சொற்றொடர் அதன்பின் என் உரையில் வரவே இல்லை.

எங்கள் பெரியப்பாவுக்குக் கரிசல்காட்டில் மானாவாரி நிலம். ஒரு காலத்தில் ஒரு சோடி மாடுதான் வைத்திருந்தார். அவரிடம் கேட்டேன். "பெய்ஞ்ச அன்னைக்கே இறங்குனா சேறு அப்பிக்கிடும், மாடு கால எடுக்க முடியாது. காயவிட்டா இறுகிரும், கொழு இறங்காது. நடுவுல பதம் இருக்குறது கொஞ்ச நாளுதான். நாலு ஏரு இருக்கவன் ஒரே மூச்சுல முடிச்சிட்டுப் போயிருவான். ஒத்த ஏர்க்காரன் ராத்திரி படுத்தாலும் தூங்க மாட்டான்டா" என்றார்.

தூங்க மாட்டான். பாட்டு அங்கேதான் எனக்குத் திறந்தது. அந்த உழவனிடம் இல்லாததே வேகம்தான், இருப்பது பதைப்பு. நிலம் பெரிது, ஏர் ஒன்று, பதம் காத்திருக்காது. அதையே எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். ஐயா திருத்தவில்லை.

தொல்காப்பியர் உவமவியலில் ஒப்புக்கு நான்கு இடம் சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. செயலிலா, பயனிலா, வடிவத்திலா, நிறத்திலா என்று ஒவ்வொரு உவமைக்கும் ஐயா கேட்பார். பழகிய பிறகு, கேள்வி அவர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே எனக்குள் கேட்டது.

54ஆம் பாட்டில் தினைக்காவலர் கவண் ஒலிக்கு வெருண்டு யானை மூங்கிலைக் கைவிடுகிறது, அந்த மூங்கில் மீன் பிடிக்கும் தூண்டிலைப்போல மேலே எழுகிறது. 74இல் மேலெழும் மூங்கிலுக்குக் கட்டவிழ்த்துவிட்ட குதிரை உவமை. இரண்டிலும் ஒப்பு வினையில் என்று உடனே சொல்லிவிட்டேன். "சரி. யானை எதுக்கு வந்துச்சு?" என்றார். அன்று மாலை முழுதும் அதிலேயே போயிற்று. வளைத்துப் பிடித்திருந்ததை, காவலுக்கு அஞ்சிக் கைவிட்டது யானை. பாட்டைச் சொல்பவள் தலைவி, அது தலைவனுடைய நாட்டுக் காட்சி. அவனைப் பழித்து ஒரு சொல்கூட அவள் வாயில் வரவில்லை. காட்சிக்குள் கருத்தை மறைத்து வைக்கும் உள்ளுறை என்ற சொல்லின் வரையறையைப் பல வருடம் முன்பே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அவள் அடக்கிக்கொண்டது எவ்வளவு என்று அந்த மாலையில்தான் தெரிந்தது.

உரை முடியும் தறுவாயில், மாறுதலுக்காக நற்றிணை 284ஐ வாசிக்கச் சொன்னார். அதைப் பாடியவரும் உவமையால் பெயர் பெற்றவர், தேய்புரிப் பழங்கயிற்றினார். நெஞ்சு தலைவியிடம் போ என்கிறது, அறிவு வினையை முடித்துவிட்டுப் போ என்கிறது, இரண்டு யானைகள் இருபுறமும் இழுக்கும் பழைய கயிறாகத் தலைவனின் உடம்பு.

"எதுல ஒப்பு?"

"அறுந்துபோறதுல" என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஐயா, கயிறு அறுந்தாலும் யானை ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஐயா கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார். பார்வைக்கு நான் நிழலாகத்தான் தெரிந்திருப்பேன்.

"அதை அப்படியே எழுதிக்கிடுங்க" என்றார்.