எந்த அட்டியின் முன் நிற்கிறாய்?

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒருமுறையேனும் நடந்தவர்கள் அந்த மணத்தை மறக்க மாட்டார்கள். மிளகும் சுக்கும் ஏலமும் கலந்த மணம் அது. தெருவை நோக்கிப் பண்டகசாலைகளின் முன்வாசல். பின்வாசலைத் திறந்தால் காயல். அத்தகைய பண்டகசாலை ஒன்றில்தான் என் தாத்தா முப்பது ஆண்டுகள் கணக்கெழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளைஞராக வந்தவர், இன்று வரை மட்டாஞ்சேரியை விட்டு நகரவில்லை.

நான் பயில்வதோ கணிப்பொறி இயல். மிளகு மூட்டைக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். உறவு உண்டு. ஆனால் அதனை நான் உணர்வதற்கு ஒரு தவறு செய்ய வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

கொள்கலன் என்னும் இரும்புப் பெட்டியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவார்க் துறையிலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளைச் சுமந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் வேலைக்கு அன்றே முடிவு தொடங்கிவிட்டது. 1973இல் ‘பிரசிடெண்ட் டைலர்’ என்ற கொள்கலன் கப்பல் நம் கொச்சிக்கும் வந்தது. 2011இல் வல்லார்பாடத்தில் கொள்கலன் முனையமே எழுந்தது. கடைத்தெருவின் பின்வாசல்களில் வள்ளங்கள் குறைந்தன.

இதே கருத்தைக் கணிப்பொறியாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நிரல் இயங்குவதற்கு வேண்டிய அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், அப்பெட்டியை எந்தக் கணிப்பொறியிலும் இறக்கி ஓட்டலாம் அன்றோ? 2013இல் வெளிவந்த ‘டாக்கர்’ இதனை எளிதாக்கிற்று. பெட்டிகள் நூறாயிரமாகப் பெருகினால் யார் மேய்ப்பது? அதற்காக 2014இல் கூகுள் வெளியிட்டதுதான் ‘குபர்னெட்டிஸ்’. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். நம் தமிழில் மீகாமன் எனலாம். பல கணிப்பொறிகளை ஒரு கொத்தாகக் கட்டி, எந்தப் பெட்டி எங்கே ஓட வேண்டும், எது நின்றால் எதனை எழுப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அதன் பணி.

அந்த மீகாமனோடு நாம் பேசுவது ‘க்யூப்சிடிஎல்’ என்னும் கட்டளையால். ஆங்கிலத்தில் ஏழெழுத்து. நாளொன்றுக்கு இருநூறு முறை தட்டிப் பாருங்கள், விரல் நோகும்! ஆகவே சுருக்கம் பிறந்தது. ‘ஏலியஸ்’ என்ற வசதியால் ஏழெழுத்தை ‘கே’ என்ற ஓரெழுத்தாக்கலாம். ‘பாட்ஸ்’ என்பதற்குப் ‘பீஓ’, ‘சர்வீசஸ்’ என்பதற்கு ‘எஸ்விசி’, ‘நேம்ஸ்பேஸஸ்’ என்பதற்கு ‘என்எஸ்’ என்று மீகாமனே குறும்பெயர்கள் வைத்திருக்கிறான். ‘ஏபிஐ ரிசோர்சஸ்’ என்று கேட்டால் முழுப் பட்டியலையும் தருவான். பாதிச் சொல்லைத் தட்டி ‘டேப்’ விசையை அழுத்தினால் மீதி தானே நிரம்பும்படி செய்துகொள்ளலாம். பழைய கட்டளையைத் தேட ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘ஆர்’ போதும்.

இதைக் கேட்ட தாத்தா சிரித்தார். “இது என்ன புதுசா? நாங்க டிஜிஎஸ்இபின்னு எழுதல்லியா?” என்றார். தெள்ளிச்சேரி கார்பிள்ட் ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்ட் என்ற பருமனான மிளகுக்கு அது சுருக்கப் பெயர். மலபார் கார்பிள்ட் முதல் தரம் ‘எம்ஜி 1’. வெளிநாட்டுக்குத் தந்தி அடிக்கும்போது சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. ஆகவே ஒரு வாக்கியத்தையே ஒரு குறிச்சொல்லுக்குள் அடக்கினார்களாம். நாம் ‘குபர்னெட்டிஸ்’ என்பதன் முதலெழுத்துக்கும் கடையெழுத்துக்கும் இடையே உள்ள எட்டெழுத்தை எண்ணி ‘கே8எஸ்’ என்று எழுதுகிறோமே, அது போல.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சுருக்கங்கள் சேர்ப்பதில் எனக்குப் பெரும் வெறி. ஒரு பெயர்வெளியையே, அதாவது ‘நேம்ஸ்பேஸ்’ என்னும் முழு அறையையே, அழிக்கும் நீண்ட கட்டளைக்கு ‘கேடிஎன்’ என்று மூன்றெழுத்து வைத்துப் பெருமை கொண்டேன். அங்கே இரண்டு கொத்துகள் இருந்தன. ஒன்று சோதனைக்கு, மற்றொன்று வாடிக்கையாளர்களுக்கு. இரண்டிலும் ஒரே பெயருள்ள பெயர்வெளி உண்டு.

அன்று காலை மேலாள் ஒருவர் எதையோ பார்க்கச் சொன்னதால், ஒரு சாளரத்தில் வாடிக்கையாளர் கொத்துக்கு மாறினேன். தேநீர் அருந்திவிட்டு வந்து, பக்கத்திலிருந்த மற்றொரு சாளரத்தில் என் சோதனை வேலையைத் தொடர்ந்தேன். ஒரு சாளரத்தில் மாற்றினால் எல்லாச் சாளரங்களிலும் மாறிவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. எந்தக் கொத்து என்ற குறிப்பு ஒரே கோப்பில்தான் பதிவாகிறது. ‘கேடிஎன்’ என்று தட்டிப் பெயரைச் சேர்த்தேன். மீகாமன் மறுவினா எழுப்பவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனையும் ஒவ்வொன்றாக அணைந்தன.

சிறிது நேரத்தில் தொலைபேசிகள் அலறின. கடைக்காரர்களின் ஆணைகள் வரவில்லை. “வலைப்பின்னல் கோளாறா?” என்று மேலாளர்கள் ஓடினார்கள். எனக்கு உண்மை தெரியும். ஆயினும் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்தேன். என் தவற்றைவிட அந்த ஐந்து நிமிடங்களை எண்ணித்தான் இன்றும் நாணுகிறேன். பிறகு எழுந்து சென்று, “சேட்டா, நான்தான் அழித்துவிட்டேன்” என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. “எந்தக் கட்டளை? அப்படியே சொல்லு” என்று மட்டும் கேட்டார். தரவுத்தளம் கொத்துக்கு வெளியே இருந்தமையால் கணக்குகள் தப்பின. மற்றவற்றைச் சேமித்து வைத்திருந்த வரைவுக் கோப்புகளிலிருந்து மீண்டும் எழுப்ப ஐம்பது நிமிடம் ஆயிற்று. நான் உடனே சொல்லியிருந்தால் நாற்பத்தைந்தில் முடிந்திருக்கும்.

அன்றிரவு தாத்தாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“ஏலே, நீ எந்த அட்டி முன்னால நின்ன?”

பண்டகசாலையில் மூட்டைகளை அடுக்கி வைத்த வரிசைக்கு அட்டி என்று பெயர். ஒவ்வோர் அட்டிக்கும் உரியவரின் குறி எழுதிய பலகை இருக்கும். தகரத்தில் வெட்டிய எழுத்தை மூட்டைமேல் வைத்து மையைத் தடவிக் குறியிடுவார்கள். சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பும் பையன்தான் பக்கத்து அட்டியில் குறியிடத் தொடங்குவானாம். “கை எவ்வளவுக்கு வேகமோ, தப்பும் அவ்வளவுக்கு வேகம். அதனால பலகைய வாய்விட்டுப் படிச்சிட்டுத்தான் தூரிகையத் தொடணும்னு சட்டம் போட்டேன். நான் படிக்காம ஒருதரம் நாற்பது மூட்டையக் கெடுத்தவன்தானே!” என்றார்.

அதன்பின் என் சுருக்கங்களைத் திருத்தி அமைத்தேன். பார்ப்பதற்குரிய கட்டளைகள் எத்தனை குறுகினாலும் தீங்கில்லை. அவற்றை ஓரெழுத்தாகவே வைத்துக்கொண்டேன். அழிப்பதற்குரியதற்குச் சுருக்கமே கிடையாது, முழுதும் தட்டுகிறேன். தட்டும் நேரத்தில் மனம் ஒருமுறை விழித்துக்கொள்கிறது. ‘டெலீட்’ ஆணையோடு ‘இன்டராக்டிவ்’ என்ற கொடியைச் சேர்த்தால் மீகாமன் ஒருமுறை கேட்டுவிட்டே அழிப்பான். ‘டிரை ரன்’ என்று சேர்த்தால் என்ன செய்வான் என்பதைச் செய்யாமலே சொல்வான். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘க்யூப் பிஎஸ்1’ என்ற சிறு கருவியால் நான் நிற்கும் கொத்தின் பெயரும் பெயர்வெளியின் பெயரும் ஒவ்வொரு வரியின் முகப்பிலும் தெரியும்படி செய்துள்ளேன். வாடிக்கையாளர் கொத்துக்குச் சிவப்பு நிறம். அதுவே என் அட்டிப் பலகை.

ஆய்வகத்தில் என் அருகே அமரும் நண்பர்கள், நான் திரையைப் பார்த்து முணுமுணுப்பதைக் கண்டு கேலி செய்கிறார்கள். மந்திரம் ஓதுகிறேனாம்! மந்திரம் ஒன்றுமில்லை, நண்பர்களே. பலகையைத்தான் வாய்விட்டுப் படிக்கிறேன்.