அம்மா மீது தவறில்லை

அம்மா பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். இன்று கணினிக்கு நிரல் எழுதுவது என் பிழைப்பு.

ஒருநாள் கைப்பேசியில் தம்பிக்குப் பணம் அனுப்பப் போன அம்மா, பாதியில் நின்றுவிட்டார். "எனக்குப் படிப்புப் பத்தாதும்மா" என்றார், தலைகுனிந்தபடி.

வாங்கிப் பார்த்தேன். 'ரத்து செய்யலாமா?' என்று மலாயில் ஒரு கேள்வி. கீழே 'ரத்து', 'சரி' என இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினால் பணம் போகும்? எனக்கே புரியவில்லை!

இது பழைய நோய்தான். 1995-இல் வந்த 'விண்டோஸ் 95'-இல் கணினியை நிறுத்துவதற்கும் 'தொடங்கு' என்ற பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அன்றே பலரும் சிரித்தார்கள்.

ஏன் இப்படி? நிரல் எழுதுவதில் ஒரு தனி இன்பம் உண்டு. இரண்டு நாள் அடம்பிடித்த நிரல், விட்டுப்போன ஒரு புள்ளியை இட்டதும் ஓடத் தொடங்கும். அந்த நேரம் பசிகூடத் தெரியாது. இயந்திரத்துக்குப் புரிந்துவிட்டது என்று துள்ளுகிறோம். மனிதருக்குப் புரியுமா என்று கேட்க மறந்துவிடுகிறோம். இந்தக் குற்றம் என்னிடமும் உண்டு.

இப்போதெல்லாம் நான் செய்யும் திரையை முதலில் அம்மாவிடம்தான் காட்டுகிறேன். அவர் விரல் தயங்கும் இடத்தைத் திருத்துகிறேன்.

அம்மா இப்போது தலைகுனிவதில்லை. "இது சரியில்ல, மாத்தும்மா" என்கிறார்.