``வண்டி லேட் ஆகுதேப்பா!'' - வீல்சேரில் ஒரு கண்டக்டரின் சிங்கப்பூர் பயணம்

`சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டாச்சு' என்று மகன் சொன்னபோது, கும்பகோணத்தில் இருக்கும் அந்த வீட்டில் சந்தோஷப்படாத ஒரே ஆள் பெரியவர்தான்.

``எனக்கு எதுக்குப்பா? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்.''

வயது 72. அரசுப் பேருந்தில் 31 வருடங்கள் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றபடி டிக்கெட் கிழித்த கால்கள். ஆறு வருடங்களுக்கு முன்பு சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இடது கால், கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும் சில விநாடிகளுக்கு மட்டும் தாங்கும். இரண்டு கைகளிலும் நல்ல பலம் உண்டு. தரை சமமாக இருந்தால் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொள்வார். அப்படிப்பட்ட தரை, அவருக்குத் தெரிந்து அவர் வீட்டுக் கூடத்தில் மட்டும்தான் இருந்தது.

வெளிநாடு வேண்டாம் என்றதற்குக் காரணம் விமான பயமோ, செலவோ இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு தங்கை மகளின் கல்யாணம். மண்டபம் முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. உறவுக்காரப் பையன்கள் நான்கு பேர் பாசத்தோடு அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். வீடியோக்காரர் அதையும் படம் பிடித்துவிட்டார். கல்யாண வீடியோவில் நலங்குக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே, அந்தரத்தில் ஆடிக்கொண்டு கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும் அவர் முகம் வந்துபோகும். அதன் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. மருத்துவமனை, வீடு. அவ்வளவுதான்.

அவரை மசிய வைத்தது ஏழாம் வகுப்புப் பேத்தி. ``தாத்தா, அங்க உங்களை யாரும் தூக்க மாட்டாங்க. நான் போன்ல பார்த்துட்டேன். ரயில், பஸ் எல்லாத்துலயும் நீங்களே ஏறலாம்.''

``பஸ்லகூடவா?''

``பஸ்லகூட.''

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். அப்பாவை மெர்லயன் சிலை முன்னால் நிறுத்திப் படம் எடுப்பதைவிட, மகள் கொடுத்துவிட்ட இந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் மகனுக்கும் மருமகளுக்கும் பெரிய வேலையாகிப்போனது.

டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் நான்கு எழுத்து

விமானத்தில் வீல்சேர் வேண்டும் என்று சொன்னால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். போதாது. விமான நிறுவனங்கள் இதை மூன்று வகையாகப் பிரித்து, நான்கு ஆங்கில எழுத்துகளில் குறித்துக்கொள்கின்றன. `டபிள்யூ.சி.ஹெச்.ஆர்' என்றால், படியேறுவார், தூரம் நடக்க மட்டும் முடியாது. கடைசி எழுத்து `எஸ்' என்றால், படி ஏற முடியாது, விமானத்துக்குள் தன் இருக்கை வரை நடப்பார். `சி' என்றால், இருக்கை வரைக்குமே உதவி வேண்டும்.

டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட், பெரியவருக்குப் போட்டிருந்தது `ஆர்'. எல்லா வயதானவர்களுக்கும் அதையே போட்டுப் பழக்கம் போலிருக்கிறது. மருமகள் அதைக் கவனித்து, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே விமான நிறுவனத்துக்கு போன் செய்து `சி' என்று மாற்றினார். மாற்றாமல் விட்டிருந்தால், விமானத்தின் வாசல் வரை வந்த பிறகு `இனி எப்படி?' என்று எல்லோரும் முழித்திருப்பார்கள். பதிலும் தெரிந்ததுதான்... தூக்கு!

`சி' என்று இருந்ததால் திருச்சி விமான நிலையத்தில் இடைகழி நாற்காலி தயாராக இருந்தது. இருக்கைகளுக்கு நடுவே நுழையும் அளவுக்கு ஒடுக்கமான, சின்னச் சக்கரங்கள் வைத்த நாற்காலி. பெரியவரின் சொந்த வீல்சேர் விமானத்தின் கதவு வரை வந்து, அங்கிருந்து சரக்கு அறைக்குப் போனது. மெத்தையையும் கழற்றக்கூடிய கால்தாங்கிகளையும் எடுத்துக் கையோடு வைத்துக்கொண்டார்கள். நாற்காலியை நான்கு பக்கமும் படம் எடுத்தும் வைத்துக்கொண்டார்கள். இறங்கும்போதும் விமானக் கதவருகே கொண்டுவந்து தரும்படி சொல்லிச் சீட்டு கட்டச் சொன்னார்கள். சொந்த வீல்சேர் என்பது செருப்பு மாதிரி. இன்னொருவருடையது பொருந்தாது.

ஹோட்டல் தேடியதும் தனிக்கதை. `மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை' என்று போட்டிருந்த மூன்று இடங்களில் மருமகள் கேட்டது ஒன்றே ஒன்று: குளியலறையின் புகைப்படம். ஒன்றில் பாத்டப். இன்னொன்றில் குளிக்கும் இடத்தைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு ஒரு கட்டை. மூன்றாவதில்தான் தரை சமமாக ஓடி, சுவரில் பிடிமானக் கம்பியும் உட்கார்ந்து குளிக்க மடக்குப் பலகையும் இருந்தன. வாடகை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால், இந்த விஷயத்தில் மிச்சம் பிடிப்பது அசட்டுத்தனம்.

குடிக்காத தண்ணீர்

விமானத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம். பெரியவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் தொடவில்லை. ``பசிக்கலம்மா'' என்று மருமகளிடம் சொல்லிவிட்டார். மனைவிக்குத்தான் சந்தேகம். ``என்னங்க, நேத்து ராத்திரியிலிருந்தே நீங்க தண்ணி குடிக்கலைதானே?''

அதுதான் உண்மை. பாத்ரூம் போக வேண்டி வந்தால் நடுவழியில் அந்த ஒடுக்க நாற்காலியைக் கேட்க வேண்டும், பத்துப் பேர் பார்க்க வேண்டும். அதற்குத் தாகமே மேல் என்று முடிவு செய்திருந்தார். வீல்சேரில் வெளியே வரும் பலரும் வெளியில் சொல்லாமல் செய்கிற காரியம் இது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் இப்படி வயிற்றைக் காயப்போடுவது ஆபத்து. மனைவி கைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்து, கண்ணை உருட்டிச் சாப்பிட வைத்தார்.

சிங்கப்பூரில் மெட்ரோ ரயில் நிலையங்களிலும் பெரிய கடைகளிலும் வீல்சேர் நுழையும் கழிப்பறை இருப்பதை முதல் நாளே பேத்தி தாத்தாவுக்குக் காட்டினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் காலை சர்க்கரை இல்லாமல் ஒரு தே தாரேக் குடித்தார். நம்மூர் ஆற்றி அடித்த டீதான். மூன்றாம் நாள் அவராகவே இரண்டாவது டீ கேட்டார். அதைக் கேட்டுவிட்டு மருமகள் ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று பேத்திக்குப் புரியவில்லை.

லிஃப்ட் இல்லாத சிங்கப்பூரும் இருந்தது

`அது பணக்கார நாடு, அங்கே எல்லாம் இருக்கும்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கேயும் எல்லாம் இருந்துவிடவில்லை. 1987-ல் சிங்கப்பூரில் முதல் மெட்ரோ ரயில் ஓடியபோது நிலையங்களில் எஸ்கலேட்டர் இருந்தது, வீல்சேருக்கு வழி கிடையாது. கட்டடங்களில் தடையில்லாத வழி வேண்டும் என்ற விதிமுறை 1990-ல் வந்தது. பழைய நிலையங்களைத் தோண்டி, உடைத்து, லிஃப்ட்டுகளைப் பின்னால் சேர்த்தார்கள். வீல்சேர் ஏறும் பஸ்கள் 2006-ல் ஓட ஆரம்பித்தன. எல்லாப் பொதுப் பேருந்துகளும் அப்படி மாற 2020 முடிய வேண்டியிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் முன்பு சில மாடிகளில் மட்டுமே லிஃப்ட் நிற்கும். அதையும் பிறகுதான் மாற்றினார்கள்.

இப்போது ரயிலில் நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளிதான். அகலமான டிக்கெட் கேட் வழியே பெரியவர் தானே அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போனார். லிஃப்ட் பொத்தான், உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. நாலு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்பதால் அறிவிப்புகளில் தமிழும் காதில் விழுந்தது.

கரையோரப் பூந்தோட்டமான `கார்டன்ஸ் பை தி பே'யில், 35 மீட்டர் அருவி கொட்டும் கண்ணாடிக் கூடாரத்தின் உச்சிக்கு லிஃப்ட்டிலேயே போய்ப் பார்த்தார். நைட் சஃபாரி, மெர்லயன் எல்லாமும் போனார்கள். அவற்றைப் பற்றி எழுதாத ஆளில்லை. பெரியவர் அங்கெல்லாம் மரியாதைக்குத் தலையாட்டினாரே தவிர, கண் முழுக்க ரோட்டில் போகும் பஸ்கள் மேல்தான்.

``அங்கிள், ஓகே?''

இரண்டாம் நாள் மாலை அந்த நேரம் வந்தது. நிறுத்தத்தில் ஒரு டபுள் டெக்கர் வந்து நின்றது. ஓட்டுநர் வீல்சேரைப் பார்த்ததும் இறங்கி, நடுக்கதவுக்கு வந்தார். தரையோடு மடித்திருந்த பலகையை ஒரு கையால் புரட்டி, நடைபாதை மேல் விரித்தார். சாய்தளம் தயார். மற்ற பயணிகள் ஒதுங்கி நின்றார்கள்.

பெரியவர் கொஞ்சம் பின்னால் போய், ஒரு தம் பிடித்து, இரண்டு சக்கரத்தையும் உந்தினார். மகன் பின்னால் கை வைக்கப் போனதை மருமகள் தடுத்துவிட்டார். வண்டி ஏறியது.

உள்ளே வீல்சேருக்கான இடத்தில், பஸ்ஸின் பின்பக்கம் பார்த்தபடி, முதுகைச் சாய்வுப் பலகையில் பொருத்தி உட்கார வேண்டும். சடன் பிரேக் போட்டாலும் நாற்காலி ஓடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஓட்டுநர் ``அங்கிள், ஓகே?'' என்று கேட்டுவிட்டுத் தன் சீட்டுக்குத் திரும்பினார்.

ஆறு வருடங்களுக்குப் பிறகு பஸ். அதுவும் பயணிகளின் முகத்தைப் பார்த்தபடி. 31 வருடங்கள் அவர் பார்த்த காட்சி. தோல் பை இல்லை, விசில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாய் திறந்து முதலில் சொன்னது என்ன தெரியுமா? ``ஒரு ஆளுக்காக ரெண்டு நிமிஷம் நின்னுட்டானேப்பா. வண்டி லேட் ஆகுதே. டைம் கீப்பர் கேக்க மாட்டானா?''

யாரும் கேட்கவில்லை. யாரும் `உச்' கொட்டவில்லை. கண்டக்டர் இல்லாத பஸ் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தட்டுகிறார்கள், தூரத்துக்குக் காசு தானாகக் கழிகிறது என்று பேத்தி விளக்கினாள். ``தட்டாம எறங்கிட்டா?'' தொழில் புத்தி. பேத்தி மாடிக்கு ஓடிப்போய் வீடியோ கால் போட்டாள். மேல் தளத்து முன் கண்ணாடியிலிருந்து தெரிந்த சாலையைத் தாத்தா கீழே உட்கார்ந்து போனில் பார்த்தார்.

மறுநாள் திட்டத்தில் இருந்த ஷாப்பிங்கை ரத்து செய்யச் சொல்லிவிட்டார். ``நீங்க போங்க. நானும் பாப்பாவும் பஸ்ல போறோம்.'' எங்கே என்றால், ``கடைசி ஸ்டாப் வரைக்கும்.''

தமிழில் வந்த உதவி

வாக்கு கிட்டத்தட்ட உடைந்துபோன இடம் லிட்டில் இந்தியா. மல்லிகைப்பூ, வெற்றிலை, டிபன் வாசனை எல்லாம் நம்மூர்தான். தரையும் நம்மூர் மாதிரிதான்! கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை. வெயில், மழைக்கு ஒதுங்க வேண்டும் என்று 1822-ல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் வந்த ஏற்பாடு. ஆனால், பழைய கடைகளின் தரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். இங்கே ஒரு படி ஏற்றம், பத்தடி தள்ளி ஒரு படி இறக்கம். சில இடங்களில் சரிவு போட்டிருக்கிறார்கள், பல இடங்களில் இல்லை.

பெரியவர் ஆசைப்பட்ட சாப்பாட்டுக் கடைக்கு வாசலில் இரண்டு படி. தயங்கி நின்றதைப் பார்த்து, பக்கத்தில் நின்றிருந்த இரண்டு தமிழ்த் தம்பிகள் ஓடி வந்தார்கள். ``ஐயா, எந்த ஊரு? ஒரு கை புடிங்கண்ணே, தூக்கி வெச்சுடலாம்.'' சிரித்த முகம், நல்ல மனசு.

மகன் அப்பாவைப் பார்த்தார். பேத்தி தாத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

``வேணாம் தம்பி. நல்லா இருங்க'' என்றார் பெரியவர். கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பையன்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. தூக்கிவிட நாலு பேர் எப்போதும் கிடைக்கிற ஊர்களிலிருந்து வந்தவர்கள். அப்படி ஆள் கிடைப்பதாலேயே நம் கல்யாண மண்டபங்களில் சாய்தளம் கட்ட யாருக்கும் தோன்றுவதில்லையோ என்னவோ.

பிறகு அந்தத் தம்பிகளே வழி சொல்லி, தேக்கா சென்டர் உணவுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே மேசை ஓரமாக வீல்சேர் நிற்க இடம் கிடைத்தது. தோசை சுமார்தான். பெரியவர் இரண்டு சாப்பிட்டார்.

ஆறு நாள் முடிந்து திரும்பும் விமானத்தில் அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நடுவில் ஒருமுறை பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தானையும் அழுத்தினார். ஒடுக்க நாற்காலி வந்தது. பத்துப் பேர் பார்த்தார்கள்தான்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். 2024-லிருந்து சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுவதாகவும், அவற்றிலும் வீல்சேர் ஏற சாய்தளம் உண்டு என்றும் பேத்திதான் படித்துச் சொன்னாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

``எந்தெந்த ரூட்ல ஓடுதுன்னு அப்பாகிட்ட கேட்டு வை'' என்றார். ``மெட்ராஸுக்கு எப்படிப் போறதுன்னு நான் பார்த்துக்கிறேன்.''