காரின் அடியிலே ஒரு தேன்கூடு

பழைய மோட்டார்க் கார் ஒன்றை வைத்துப் பேணுவோருக்கு இருவகைச் செலவுகள் உண்டு. பிரேக், டயர், பற்றரி முதலியவற்றுக்கான செலவு ஒருவகை. அதனைச் செய்யாவிடில் வண்டி ஓடாது. மற்றொரு வகையோ, செய்யாது விட்டாலும் வண்டி ஓடும். ஆனால் அதனால் வரும் கேடு வழியிற் போவோரைச் சேரும். முதல் வகைக்கு மனிதன் கடன்பட்டேனும் பணம் தேடுகிறான். இரண்டாம் வகை வரும்போதே அவனது மனம் சோதனைக்குள்ளாகிறது. காரின் அடியிலே, புகைக்குழாயின் இடையே, சிறு தகரப் பெட்டிபோலத் தொங்கும் ஊக்கி மாற்றி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. கராஜ்களில் இதனைக் ‘கன்வேட்டர்’ என்பார்கள்.

இலங்கையில் 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நம்மவர் யாவரும் பழைய வண்டிகளையே தட்டித் திருத்தி ஓட்டினோம். புதியவற்றின் விலையைக் கேட்டவர்கள் இன்றும் அவ்வாறே செய்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையில் வாழ்வோருக்கு இன்னுமொரு தொல்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. வண்டியின் மேற்பூச்சு பளபளத்தாலும், அடியிலே புகைக்குழாய் துருவேறி, மரைகள் இறுகிக் கிடக்கும்.

அப்பெட்டியின் உள்ளே இருப்பது யாது? தேன்கூடு போன்ற கண்ணறைகள் நிறைந்த ஒரு மட்பாண்டக் கட்டி. ஒரு சதுர அங்குலப் பரப்பிலே ஏறக்குறைய 400 கண்ணறைகள் அமைவது வழக்கம். அவற்றின் சுவர்களில் அலுமினாப் பூச்சும், அதன்மேல் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் என்னும் அருமையான உலோகங்கள் சில கிராம் அளவிலும் படிந்துள்ளன. நச்சுவாயுவாகிய காபனோரொட்சைட்டையும், எரியாது எஞ்சிய ஐதரோகாபன்களையும், நைதரசன் ஒட்சைட்டுகளையும் இவை காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் மாற்றிவிடுகின்றன. தாம் செலவழியாமல் தாக்கத்தை விரைவுபடுத்துவதே ஊக்கியின் இயல்பு என்று நாம் வகுப்பிலே கற்பிக்கிறோமன்றோ? அதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆயினும் பெட்டி 250 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடேறிய பின்னரே அது தன் தொழிலைச் செவ்வனே தொடங்கும்.

பிரான்சிலே பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயூஜின் ஊட்ரி என்னும் பொறியியலாளர், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தைக் கண்டு, 1950களில் இத்தகைய ஊக்கிக் கருவியை உருவாக்கினார். ஆனால் அக்காலப் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் ஊக்கியைப் பாழாக்கிற்று. 1962 இல் அவர் மறைந்தார். அமெரிக்கக் கார்களில் ஊக்கி மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது 1975 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தே. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் ஒழிக்கப்பட்டது.

இனி நம் சொந்த அனுபவத்துக்கு வருவோம். இருபதாண்டை அண்மிக்கும் நமது ஜப்பானியக் கார் சில மாதங்களாக இழுவை குன்றி, கல்லடிப் பாலத்தின் ஏற்றத்திற்கூட மூச்சு வாங்கியது. எஞ்சின் விளக்கும் அணையாது எரிந்தது. கணினியைப் பொருத்திப் பார்த்த கராஜ்காரர், ஊக்கியின் திறன் குறைந்ததைக் காட்டும் ‘பி 0420’ என்னும் குறி வந்திருப்பதாகச் சொன்னார். பின்பு ஒரு வழியும் கூறினார்:

“சேர், இதைக் கழட்டி உள்ளுக்குக் கிடக்கிற கல்லைக் குத்தி எடுத்துப்போட்டு, வெறுங்கூட்டைப் பூட்டித் தாறன். காரும் நல்லா இழுக்கும். அந்தக் கல்லை வாங்கவும் ஆக்கள் இருக்கு. உங்களுக்குக் கையில காசும் வரும்.”

“அப்படியெண்டா, தம்பி, புகைப் பரிசோதனையில தப்புமா?” என்று வினவினோம்.

“எஞ்சினைச் சரியா டியூன் பண்ணினாத் தப்பும், சேர்.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுதற்கு வேண்டிய அப்பரிசோதனையிலே, பெற்றோல் வண்டி நின்ற இடத்தில் இயங்கும்போது வரும் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனுமே அளக்கப்படுகின்றன. நைதரசன் ஒட்சைட்டுகள் அளக்கப்படுவதில்லை. ஆகவே வெறுங்கூட்டுடன் ஒரு வண்டி சான்றிதழ் பெறுவதும் சாத்தியமே. செலவுமில்லை, வரவும் உண்டு, கேட்பாருமில்லை! மாதச் சம்பளக்காரரின் மனம் சற்றே சாயாதா? சாய்ந்தது என்பதை மறைப்பானேன்? உரோடியம் 2021 இல் அவுன்சு ஒன்றுக்கு 29,000 அமெரிக்க டொலர் வரை விலையேறியது. உலகின் பல நகரங்களில் திருடர்கள் இரவிலே காரின் அடியிற் புகுந்து இதனை அறுத்துச் செல்வதும் இந்த விலையினாலேயே.

ஆனால் காலை வேளையிலே கல்லூரி வாசலை எண்ணிப் பார்த்தோம். வண்டிகள் நெருங்கி ஊர்ந்து நிற்க, அவற்றின் நடுவே பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். சிறு பிள்ளையின் மூக்கு புகைக்குழாயின் மட்டத்துக்கு நம் மூக்கினும் அண்மையில் இருக்கிறது. காபனோரொட்சைட்டு, குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பிணைவது. அதனைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்துவிட்டு, வாசலில் அதையே அவர்களுக்கு ஊட்டுவது எங்ஙனம்?

எனவே மாற்றுப் பெட்டி வாங்குவதென முடிவாயிற்று. ஆனால் வாங்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஊக்கி மாற்றி பெரும்பாலும் தானாகச் சாவதில்லை; வேறொரு நோய் அதனைக் கொல்கிறது. பிளக் சரியாகப் பற்றாவிடின் எரியாத பெற்றோல் பெட்டிக்குள்ளே சென்று எரிய, தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். எஞ்சின் ஒயிலை எரித்தால் அதன் சாம்பல் கண்ணறைகளிற் படியும். நம் காரிலே ஓர் இக்னிஷன் கொயில் பழுதுற்றிருந்தது. அதனை முதலில் மாற்றினோம். நோயை விட்டுவிட்டு மருந்தை மட்டும் மாற்றினால், புதிய பெட்டியும் பழையதன் வழியே போகும்.

பின்னர் மூன்று வழிகள் நம் முன் நின்றன. முதலாவது, கார் செய்த கம்பனியின் புதிய பெட்டி. குறையற்றது, ஆனால் நம் சம்பளத்துக்கு எட்டாதது. இரண்டாவது, கழிக்கப்பட்ட காரிலிருந்து எடுத்த பழைய பெட்டி. இதனை வாங்குவோர் டோர்ச் ஒளியில் ஒரு முனையாற் பார்க்கவேண்டும். கண்ணறைகள் நேராகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். குலுக்கினால் உள்ளே கலகலவென்றால் கட்டி உடைந்தது என்று பொருள். நமக்குக் காட்டியதிலே ஒரு பக்கம் உருகிப் பளிங்குபோல் மினுங்கிற்று. கண்ணுக்கு நல்லதாகத் தோன்றும் பெட்டியிலும் ஊக்கி நஞ்சேறிச் செயலிழந்திருக்கலாம். அதனைக் கண்ணால் அறிய இயலாது.

மூன்றாவது, பிற கம்பனிகள் செய்யும் புதிய பெட்டி. இதிலே மலிந்ததும் உண்டு, தரமானதும் உண்டு. மலிந்ததில் உலோகப் பூச்சு மெல்லியது. சில காலத்திலே விளக்கு மீண்டும் எரியத் தொடங்கும். ஐரோப்பாவில் மாற்றுப் பெட்டிகளுக்கென ஐக்கிய நாடுகள் விதி 103 இன்படி அங்கீகாரம் உண்டு. அந்த எண்ணும் வட்டத்துள் ‘ஈ’ என்னும் எழுத்தும் கூட்டின்மேற் பொறிக்கப்பட்டிருக்கும். அம்முத்திரை உடையதாய், எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்றதாய், ஒட்சிசன் உணரியின் துளை சரியான இடத்தில் அமைந்ததாய், துருப்பிடியாத உருக்குக் கூடுடையதாய் ஒன்றைத் தேடி வாங்கினோம். அவ்வாண்டு வீட்டுச் சுவருக்குப் பூசவிருந்த வர்ணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. இல்லத்தரசியார் ஒன்றும் சொல்லவில்லை. சுவரை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

வாவிக்கரை வாசகர்களுக்கு இன்னுமொரு சொல். மார்கழி மழையில் தெருவிலே வெள்ளம் தேங்கும்போது, சூடேறிய பெட்டியுடன் ஆழ்ந்த நீருக்குள் காரை இறக்காதீர்கள். சட்டெனக் குளிரும் மட்பாண்டம் வெடிக்கக்கூடும். சுற்றுவழியே போவதால் ஐந்து நிமிடந்தான் கூடுதலாகும்.

நமது காரின் அடியிலே இப்போது எது தொங்குகிறது என்பதை எவரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. வெறுங்கூட்டைப் பூட்டியிருந்தாலும் கார் இதே அழகோடு கல்லூரி வாசலைக் கடந்திருக்கும், சான்றிதழும் வந்திருக்கும். பிள்ளைகள் நம்மை நோக்கிக் கைகூப்பியும் இருப்பார்கள். அவ்வணக்கத்தைக் கூச்சமின்றி ஏற்பதற்குக் கொடுத்த விலையென்று எண்ணும்போது, கொடுத்த பணம் பெரிதாகத் தோன்றவில்லை.