பொம்பாழ் ஒப்திக்

போன மாசி மாதம் என் இடது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். சர்க்கரை வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு ஒருநாள் இது வந்தே தீரும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வந்துவிட்டது. விழித்திரையின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து வீங்கியிருந்தன. முதலில் கண்ணுக்குள் ஊசி, மாதத்துக்கு ஒன்றாக மூன்று மாதம். அப்புறமும் ஓர் ஓரத்தில் கசிவு நிற்கவில்லை. அதற்குத்தான் லேசர்.

கருவியைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அந்தக் காலத்து வால்வு ரேடியோ அளவில் ஒரு பெட்டி, மேசைமேல் உட்கார்ந்திருந்தது. சுவரில் சாதாரண பிளக். பெட்டியிலிருந்து நூல் மாதிரி ஒரு கண்ணாடி இழை, டாக்டர் கண்ணைப் பார்க்கிற கருவிக்குப் போனது.

“இதுவா லேசர்?” என்று கேட்டேன்.

“ஆமாங்கய்யா, மஞ்சள் லேசர். புதுசு” என்றாள் அங்கிருந்த பெண். நான் விடாமல் கேட்டதால் பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்ததைப் படித்தும் சொன்னாள்: “ஆப்டிக்கலி பம்ப்டு செமிகண்டக்டர் லேசர்னு போட்டிருக்கு.”

ஆப்டிக்கலி பம்ப்டு. ஒளியால் பம்ப் அடித்தது. இந்தச் சொல்லை என் காதால் கேட்டு ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும். அப்போது கேட்டது பிரெஞ்சில்.

1966 நவம்பர். பாண்டிச்சேரியில் மழைக்காலம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் பிரெமியேர் வகுப்பு. பிரான்சிலிருந்து வந்திருந்த பௌதிக ஆசிரியர், முசே என்றுதான் கூப்பிடுவோம், கையில் பத்திரிகையோடு வந்தார். கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார்: பொம்பாழ் ஒப்திக். (பிரெஞ்சு ‘ஜே’ எழுத்துக்கும் இந்த மாதிரிக் கடைசி ஒலிக்கும் எங்கள் ஊரில் ‘ழ’ போட்டு எழுதுவது வழக்கம். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொள்ளட்டும்.) நாங்களும் சிரித்தோம். பம்ப் என்றால் எங்களுக்குத் தெருக்கோடியில் குடத்தோடு சண்டை நடக்கிற இடம்.

முசே கோபித்துக்கொள்ளவில்லை. அதையே படமாக வரைந்தார். அணுக்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி, சும்மா விட்டால் அடியில்தான் கிடக்கும். சரியான நிறத்தில் ஒளியைப் பாய்ச்சினால் அதுவே பம்பாகி அணுக்களை மேல்நிலைக்கு ஏற்றும். மேலே ஏற்றிச் சேர்த்து வைத்ததை, பிறகு நாம் வேண்டுகிற விதத்தில் இறங்க வைக்கலாம். இந்த வழியைக் கண்டவர் பாரிசின் எகோல் நொர்மாலில் வேலை செய்யும் அல்ஃப்ரெத் காஸ்த்லேர். அந்த வருடம் பௌதிக நோபல் பரிசு அவர் ஒருவருக்கே. லேசரை அவர் செய்யவில்லை. ஆனால் அணுக்களை ஒளியால் ஏற்றி வைப்பது என்ற அந்த எண்ணம் இல்லாமல் லேசரைப் பற்றிப் பேச முடியாது.

முசே சொன்ன இன்னொன்றுதான் எனக்கு அதிகமாகப் பதிந்தது. காஸ்த்லேர் பிறந்தது 1902இல், அல்சாஸில். அப்போது அது ஜெர்மனியோடு இருந்தது. பள்ளிக்கூடம் ஜெர்மன் மொழியில். 1918இல் போர் முடிந்து அல்சாஸ் பிரான்சுக்கு வந்தபோது அவருக்கு வயது பதினாறு. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பதினாறோ பதினேழோதான். எங்கள் ஊரிலும் ஒரு கொடி இறங்கி இன்னொன்று ஏறி, 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் சட்டப்படி முடிந்து, நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. பிரெஞ்சு படித்தவனுக்கு இனி என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. முசே அதைச் சொல்லிவிட்டு எங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். காஸ்த்லேர் ஜெர்மன் மொழியிலேயே கவிதைகள் எழுதி 1971இல் புத்தகமாகவும் போட்டார் என்று பிற்பாடு படித்தேன். ஒரு மொழிக்காக இன்னொன்றை அவர் விட்டுவிடவில்லை.

நான் பௌதிகம் படிக்கவில்லை. 1971இல் எல்.டி.சி. ஆனேன். ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி நோட் எழுதினேன். கடைசியில் என் பிரெஞ்சுக்கு உபயோகம் வந்தது எத்தா சிவில் பதிவேடுகளில். பழைய பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவுகளைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலைதான்.

இனி அப்பாவைப் பற்றி. அப்பா ஒரு நொத்தேர் ஆபீசில் எழுத்தர். பத்திரங்களை அச்சடித்த மாதிரி எழுதுவார். அவருக்கும் சர்க்கரை. 1974இல் ஒருநாள் காலையில், “வலது கண்ணுல மை கொட்டின மாதிரி இருக்குடா” என்றார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. அடுத்த வருடம் இடது கண்ணும் போயிற்று. டாக்டர்கள் குறை வைக்கவில்லை, அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அதன்பிறகு ஒன்பது வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்ததும் பழைய பத்திரம் ஏதாவது ஒன்றைப் படிக்கச் சொல்வார். நான் உச்சரிப்பில் தப்பு விட்டால் இருட்டிலிருந்தே திருத்துவார்.

அமெரிக்காவில் நீரிழிவுக் கண்ணோய்க்கு லேசர் வைத்துப் பார்க்கிற பெரிய பரிசோதனை நடந்துகொண்டிருந்தது சரியாக அதே வருடங்களில்தான். 1976இல் முதல் முடிவு வந்தது: லேசர் வைத்த கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது. அப்பாவுக்கு ஒரு வருடம் பிந்திவிட்டது. முந்தியே வந்திருந்தாலும் எங்களால் என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு விஷயம். அந்த நாளைய ஆர்கான் லேசர் ஒரு தடித்த வாயுக் குழாய். சில வாட் ஒளி தருவதற்குப் பல கிலோவாட் மின்சாரம் குடிக்கும். மிச்சமெல்லாம் சூடு. மூன்று ஃபேஸ் மின்சாரமும் சூட்டைத் தணிக்க ஓடும் தண்ணீரும் இருந்தால்தான் அது வேலை செய்யும். குழாயடியில் தண்ணீருக்கு வரிசை நின்ற தெருவில் வளர்ந்தவனுக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது.

கருவி இவ்வளவு சிறிதானது எப்படி என்று அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

லேசரின் நிறத்தை உள்ளே இருக்கும் பொருள்தான் தீர்மானிக்கிறது. 1960இல் மைமன் செய்த முதல் லேசரில் மாணிக்கக் கல். அதிலுள்ள குரோமியம் 694 நானோமீட்டர் சிவப்பைத்தான் கொடுக்கும், பேரம் பேச முடியாது. ஆர்கானில் முக்கியமாக நீலமும் பச்சையும். விழித்திரையின் நடுவில் இயற்கையாகவே ஒரு மஞ்சள் நிறமி உண்டு. அது நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் நடுவில் நீலம் வைத்தால் பார்வைக்கே ஆபத்து. 577 நானோமீட்டர் மஞ்சளை அந்த நிறமி அவ்வளவாகத் தொடாது, ரத்தமோ நன்றாக உறிஞ்சும். கசிகிற குழாய்க்கென்றே அளவெடுத்த நிறம். ஆனால் அந்த நிறத்தைத் தர லேசர் வேண்டுமே?

முதலில் சாயக் கரைசல் லேசர் வந்தது. 1966இலேயே, காஸ்த்லேர் பரிசு வாங்கிய அதே வருடம். ரோடமின் போன்ற சாயத்தைக் கரைத்து ஓடவிட்டால், தம்புராவில் பிருடையைத் திருகுகிற மாதிரி நிறத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கண் மருத்துவத்திலும் கொஞ்ச காலம் இருந்தது. ஆனால் கரைசலைப் பம்ப் வைத்துச் சுற்றவிட வேண்டும், சாயம் நாளடைவில் கெட்டுப்போகும், மாற்ற வேண்டும். அழுக்கு வேலை.

இப்போது என் கண்ணுக்கு வைத்த பெட்டியில் சாயமும் இல்லை, வாயுக் குழாயும் இல்லை. நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு குறைக்கடத்திச் சில்லு. காலியம், இந்தியம், ஆர்செனிக் ஆகியவற்றைச் சில நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாக வளர்க்கிறார்கள். இந்தியத்தைக் கொஞ்சம் கூட்டினால் அலைநீளம் நீளும். சமையலில் உப்பு மாதிரி, கூட்டவும் ஓர் அளவு இருக்கிறது. இந்தியம் பெரிய அணு. அதிகமானால் அடுக்குகள் இறுக்கம் தாங்காமல் படிகத்தில் விரிசல் மாதிரிக் குறைகள் விழும். அதற்காக நடுவில் எதிர்த்திசையில் இழுக்கிற வேறு அடுக்குகளை வைத்துச் சமன் செய்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்தச் சில்லு மஞ்சளைத் தராது. நேரடியாக மஞ்சள் தருகிற நல்ல சில்லு செய்வது கடினம். அது கொடுப்பது 1154 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதை ஒரு படிகத்துக்குள் அனுப்பினால் அலைநீளம் சரிபாதியாகி 577 ஆகிறது. அப்படியானால் சில்லில் சக்தியை ஏற்றுவது எது? இன்னொரு சின்ன லேசரின் ஒளி. அதுதான் பொம்பாழ் ஒப்திக்.

இந்தக் கணக்கெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அந்தச் சொல் மட்டும் காதில் இருந்தது. “நெத்தியை நல்லா ஒட்டி வைங்கய்யா, ஆடாதீங்க” என்றாள் அந்தப் பெண். டாக்டர் முப்பத்தெட்டு தரம் சுட்டார், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் மின்னல். வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் உலகமே நிறம் மாறித் தெரிந்தது. தாவாங்கட்டையைத் தாங்கியிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மயக்கமா என்று கேட்டார்கள். இல்லை, அப்பா ஞாபகம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கண்ணைப் பற்றி எனக்கு இவ்வளவு கவலை ஏன் என்றால், ஓய்வுபெற்ற பிறகும் வேலை என்னை விடவில்லை. வாரத்துக்கு இரண்டு பேராவது தாத்தாவின், கொள்ளுத் தாத்தாவின் பிரெஞ்சுப் பத்திர நகலோடு வருகிறார்கள். பிள்ளையின் குடியுரிமைக்கோ பென்ஷனுக்கோ சொத்துக்கோ ஒரு பெயரின் எழுத்துக்கூட்டு சரியாக வேண்டும். அந்தக் கையெழுத்துகளைப் படிக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைந்துவிட்டார்கள்.

பங்குனிக் கடைசியில் ஒரு பெண்மணி வந்தார். 1898ஆம் வருடத்துப் பிறப்புப் பதிவின் நகல். குடும்பப் பெயரின் நடுவில் இருப்பது ‘உ’வுக்கான எழுத்தா, ‘ந’வுக்கான எழுத்தா என்பதுதான் கேள்வி. மகன் படித்துப் பார்த்து உ என்கிறானாம், வக்கீல் ந என்கிறாராம். ஜன்னலோரம் கொண்டுபோய், வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். வரி லேசாக நெளிந்தது. கொஞ்சம் பொறுத்தேன். எழுதினவர் பேனாவை மேலேயிருந்து வளைத்துக் கீழே இறக்கியிருந்தது தெரிந்தது.

“வக்கீல் சொன்னதுதாம்மா சரி” என்றேன்.