படத்தின் பின்புறம் எழுதியவை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் அவர் குடியிருக்கிறார். எண்பதுகளில் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகையொன்றில் படப்பிடிப்பாளராகச் சேர்ந்து, பிறகு வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்கும் படம் அனுப்பியவர். தன் பெயரை எழுதக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. "படத்துக்குக் கீழை பேர் வராமலே இவ்வளவு காலம் வேலை செய்தாச்சு தம்பி, இனி என்னத்துக்கு?" என்றார்.

கடல் கூப்பிடு தூரத்தில்தான். ஆனாலும் அவருடைய அறை ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. உப்புக்காற்றும் ஈரமும் நெகட்டிவுக்கு எமன். இரும்பு அலுமாரியில் பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூடியிலும் ஆண்டு, மாதம், இடம். ஒன்றைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கில் அடித்தது. பிலிம் அழியத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. இனிச் சுருள் சுருங்கும், மேற்பூச்சு கழன்று வரும், பிறகு பிரதி எடுக்க வழியில்லை.

ஒரு பிலிமின் 36 படங்களையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பதித்த தாளொன்றை மேசையில் விரித்து, உருப்பெருக்கியைக் கையில் தந்தார். வெளிநாட்டு அமைச்சர் ஒருவரின் கொழும்பு வருகை. முதல் வரிசை முழுக்க வெறும் கதவு. அடுத்த வரிசையில் கார், இறங்கும் கால், வரவேற்பு. அதன் பிறகு கைகுலுக்கல், படப்பிடிப்பாளர்கள் கேட்டதற்காக இன்னொரு தரமும் கைகுலுக்கல். ஒரு கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. மறுநாள் பத்திரிகையில் வந்தது அதுதான். அவர் என் கையிலிருந்த உருப்பெருக்கியை அதற்கடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார். கைகள் பிரிந்துவிட்டன. விருந்தாளி தன் அதிகாரியைத் திரும்பிப் பார்க்கிறார், முகத்தில் சிரிப்பில்லை. வரவேற்றவரின் வலக்கை மட்டும் இன்னும் கீழே இறங்காமல் அந்தரத்தில் நிற்கிறது.

"வந்த காரியம் சரிவரேல்லை எண்டு இந்தப் படம் சொல்லுது. ஆசிரியர் பீடம் சிரிச்ச படத்தைத்தான் கேட்டது."

இராஜதந்திரச் சந்திப்பைப் படமெடுப்பது பெரும்பாலும் காத்திருக்கிற வேலை. அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டை வேண்டும், அன்றைய பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும். பத்து மணிக்குச் சந்திப்பு என்றால் ஏழரைக்கே வாசலில் நிற்க வேண்டும். பையைத் திறந்து காட்டி, கமெராவை ஒரு தரம் அழுத்திக் காட்டி, மோப்ப நாய் முகர்ந்து முடிந்தபின் கயிற்றுக்குப் பின்னால் இடம் பிடிக்க வேண்டும். கதவு திறந்தால் கிடைப்பது ஓரிரு நிமிடம். கொடிகள் எங்கே நிற்பது, நாற்காலிகளுக்கு இடையில் எவ்வளவு தூரம், எந்தப் பக்கத்தில் யார் என்பதெல்லாம் நெறிமுறை அதிகாரிகள் முதல் நாளே முடிவு செய்தவை. இந்தத் தொழிலின் சாரத்தை அவர் இரண்டே வரியில் சொன்னார்: "அவையள் ஒழுங்குபண்ணினதை எல்லாரும் எடுப்பினம். ஒழுங்குபண்ண மறந்ததை எடுக்கிறவன்தான் படப்பிடிப்பாளன்."

அதற்குக் கொழும்பிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1987 ஜூலை 29 இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இங்கே இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நகரத்தில் ஊரடங்கு. மறுநாள் ராஜீவ் காந்தி புறப்படும்போது கடற்படையின் அணிவகுப்பு மரியாதை. படப்பிடிப்பாளர்களுக்கு இதைவிட அலுப்பான வேலை கிடையாது. ஒரே உடை, ஒரே நடை, ஒரே வரிசை. இரண்டு படம் எடுத்துவிட்டுக் கமெராவைத் தாழ்த்தத்தான் கை தேடும். அந்த வரிசையில் நின்ற விஜித ரோஹண என்ற சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ஓங்கினார். ராஜீவ் சட்டென்று குனிந்ததால் தலை தப்பியது. சேன விதானகம எடுத்த அந்தப் படம் உலகப் பத்திரிகைகளுக்கெல்லாம் போனது. கையெழுத்திட்ட மேசையின் படங்கள் இன்று யாருக்கும் நினைவில்லை. ஒப்பந்தத்தை இந்த நாட்டில் எத்தனை பேர் எவ்வளவு வெறுத்தார்கள் என்பதை ஓங்கிய அந்தத் துப்பாக்கியின் படம் சொல்லிவிட்டது.

அன்றைக்குப் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் தனிப் பாடு. அச்சுப் பிரதியை உருளையில் சுற்றித் தொலைபேசி வழியே கோடு கோடாக அனுப்ப, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுக்கே பல நிமிடங்கள் ஆகும். வண்ணப் படமென்றால் நிறத்துக்கு ஒன்றாக மூன்று தரம் அனுப்ப வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

அதே ஜூலை 30 இல், அந்த ஒப்பந்தத்தின்படி, இந்திய அமைதிப்படை பலாலியில் வந்திறங்கியது. ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளோடு போர். அந்த மாதம் 21 ஆந் திகதி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் நோயாளரும் வைத்தியர்களும் தாதியரும் அந்தப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச் 24 இல் படை திரும்பிப் போனபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் இறந்திருந்தார்கள். இன்று கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் அந்தச் சிப்பாய்களுக்கு நினைவுத்தூபி உண்டு. டில்லியிலிருந்து வரும் தலைவர்கள் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள், கமெராக்கள் வரிசையில் நிற்கின்றன. யாழ்ப்பாண வைத்தியசாலையில் ஒவ்வோர் ஒக்ரோபரிலும் கொல்லப்பட்ட ஊழியர்களின் உருவப்படங்களுக்கு முன்னால் சக ஊழியர்கள் விளக்கேற்றுகிறார்கள். பத்தரமுல்லைப் படத்தையும் யாழ்ப்பாணப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அமைதிப்படையின் கதை முழுமையாகும். ஆனால் முதலாவதுதான் முன்பக்கத்துக்கு வருகிறது.

பெரியவர் 2002 என்று எழுதிய டின்னை எடுத்தார். அந்த ஆண்டுப் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரன் பெப்ரவரி 21 இல் வன்னியில் கையெழுத்திட்டார். அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க மறுநாள் வவுனியாவில் கையெழுத்திட்டார். நடுவில் தாளைக் கொண்டுபோனது நோர்வே. ஆகவே கையெழுத்திட்ட இருவரும் ஒன்றாக நிற்கும் படமே கிடையாது. கைகுலுக்கல் செப்டெம்பரில், தாய்லாந்தின் சத்தாஹிப்பில் நடந்தது. அங்கே நின்றவர்கள் அரசுத் தரப்பில் ஜீ.எல். பீரிஸும் புலிகள் தரப்பில் அன்ரன் பாலசிங்கமும். "எடுக்க ஏலாமல் போன படம்தான் எனக்கு ஞாபகத்திலை நிக்குது," என்றார் பெரியவர். ஆறு ஆண்டுகளுக்குள், 2008 ஜனவரியில், ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது, போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் வெளியேறியது.

இந்தத் தொழிலின் உச்சமாக அவர் சொன்ன பெயர் ஜனாதிபதி மாளிகை வாசலில் நின்ற எவருடையதும் இல்லை. திருகோணமலையில் 'சுடர் ஒளி'யின் செய்தியாளராக இருந்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன். 2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களே வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுகிர்தராஜன் பிரேத அறைக்குப் போய் உடல்களைப் படமெடுத்தார். அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைப் படங்கள் காட்டின. கொழும்பில் பத்திரிகை அவற்றை வெளியிட்டது. அதே ஜனவரி 24 காலை, வேலைக்குப் போகும் வழியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

"எங்களைப் போல முழுநேரக் கமெராக்காரன் இல்லை அவர். ஆனா கமெரா என்னத்துக்கு எண்டு காட்டிப்போட்டுப் போனவர்," என்ற பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த ஆண்டு யுனெஸ்கோ உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தைக் கொழும்பில் நடத்தியது. விருந்தினர்கள் இங்கே கூடியிருந்த மே 2 இரவு யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள். திருகோணமலை மாணவர்களின் வழக்கு ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை வரை பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் சந்தேகநபர்கள் 13 பேரையும் விடுவித்தது. நீதி கிடைக்கவில்லை. ஆனால் கைக்குண்டுக் கதையை இனி எவரும் சொல்ல முடியாது. ஒரு பிரேத அறையில் எடுத்த சில படங்கள் செய்த வேலை அது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடம் தெரியும் ஒழுங்கையில், முன்னறையை ஸ்ரூடியோவாக மாற்றியிருக்கிறார் ஒரு இளைஞர். கலியாணம், சாமத்திய வீடு, தூதரகங்களின் தேசிய தின விருந்து, பத்திரிகை வேலை எல்லாம் செய்கிறார். பத்திரிகைப் படத்துக்குக் கிடைக்கும் காசு பெற்றோலுக்குக் காணாது என்கிறார். கலியாண வீடுகள்தான் அவருடைய இராஜதந்திரப் படங்களுக்குச் செலவழிக்கின்றன.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, குண்டு வெடித்த சத்தம் கேட்டுக் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்துக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர். அன்று எடுத்த படங்களில் பாதியை இன்றுவரை எவருக்கும் கொடுக்கவில்லை. "அண்ணே, அதுல இருக்கிறது எங்க ஊர் ஆக்கள். முகம் தெரியுது. விக்க முடியாது. அழிக்கவும் முடியாது." ஏழு வாரம் கழித்து, ஜூன் 9 இல், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அதே ஆலயத்துக்கு அஞ்சலி செலுத்த வந்தார். தாக்குதலுக்குப் பிறகு இங்கே வந்த முதலாவது வெளிநாட்டுத் தலைவர் அவர். இளைஞர் அப்போதும் படமெடுத்தார். இரண்டு நாளும் எடுத்த படங்களை வன்தட்டில் ஒரே கோப்புறையில் வைத்திருக்கிறார். ஏப்ரல் படம் இல்லாமல் ஜூன் படத்துக்கு அர்த்தம் இல்லை என்பது அவருடைய கணக்கு.

ஜான் ஐசக் நினைவுக்கு வந்தார். தமிழ்நாட்டில் பிறந்து, நியூயோர்க் போய், ஐக்கிய நாடுகள் சபையில் கடிதம் கொண்டுபோகும் பணியாளாகச் சேர்ந்து, இருட்டறை வேலை பழகி, கடைசியில் அதன் புகைப்படப் பிரிவுக்கே தலைவரானவர். அகதி முகாம்களையும் பஞ்சத்தையும் போரையும் உலகுக்குக் காட்டியவர். படத்தைவிட எதிரே நிற்கும் மனிதரின் மானம் பெரிது என்று நடந்துகொண்டவர். 1994 இல் ருவாண்டாவில் கண்டவை அவரையே உடைத்துப்போட, சில காலம் கமெராவைத் தொடாமலே இருந்தார். கொட்டாஞ்சேனை இளைஞர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் இருவரும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

இளைஞர் படங்களுக்குக் குறிப்பு எழுதுவதை அருகிலிருந்து பார்த்தேன். தூதரக நிகழ்வொன்றின் படம். இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயர், பதவி, இடம், திகதி. ஓரத்தில் ஒரு முகம் யாரென்று தெரியவில்லை. இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்து, பெயரை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்த பிறகே படத்தை அனுப்பினார். வெள்ளவத்தைப் பெரியவரும் அப்படித்தான். அவருடைய அச்சுப் பிரதிகளைத் திருப்பினால் பின்புறத்தில் தட்டச்சு செய்து ஒட்டிய துண்டு இருக்கும். சிலவற்றில் பென்சில் எழுத்து: "மூன்றாவதாக நிற்பவர் மொழிபெயர்ப்பாளர். பேச்சுவார்த்தை அரைமணி பிந்தித் தொடங்கியது." வரலாற்றுப் புத்தகங்கள் விட்டுவிட்ட செய்தி இது.

ஐக்கிய நாடுகளின் படத்தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் இலக்கம், திகதி, இடம், எடுத்தவர் பெயர் உண்டு. அதனால்தான் பல பத்தாண்டுகளுக்கு முந்திய கூட்டமொன்றில் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதை இன்று ஒருவரால் நிறுவ முடிகிறது. கொழும்புத் தமிழ்ப் படப்பிடிப்பாளர்கள் எடுத்தவை பிஸ்கட் டின்களிலும் பழைய வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. 1983 இனக்கலவரத்தில் வெள்ளவத்தை எரிந்தபோது எத்தனையோ வீடுகளோடு படங்களும் எரிந்தன. மிஞ்சியவற்றைத் தின்பதற்கு இன்று நெருப்புத் தேவையில்லை, கடற்காற்றும் கவனக்குறைவும் போதும்.

2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி எவரும் பார்க்க வைத்திருக்கிறது. அதே கவனம் பத்திரிகைப் படங்களுக்கும் உடனடியாகத் தேவை. பத்திரிகை நிறுவனங்கள் தங்கள் பழைய நெகட்டிவ்களை நிறுத்து விற்காமல், எடுத்தவர் பெயரோடு ஒப்படைக்க வேண்டும். பல்கலைக்கழக ஊடகத்துறை மாணவர்கள் உயிரோடிருக்கும் மூத்த படப்பிடிப்பாளர்களிடம் போய், ஒவ்வொரு படத்திலும் நிற்பவர் யாரென்று கேட்டு எழுத வேண்டும். அவர்கள் போய்விட்டால் முகங்கள் இருக்கும், பெயர்கள் இருக்காது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கலாம். அப்பாவோ சித்தப்பாவோ பத்திரிகைக்குப் படமெடுத்தவராக இருந்தால் இந்த வாரமே அதைத் திறந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் காலம் அதிகமில்லை. முதலில் பிரதி எடுங்கள். எடுத்த கையோடு யார், எங்கே, எப்போது என்று எழுதி வையுங்கள்.