பொய்ச்சாட்சி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் 165 லிட்டர், ஒற்றைக் கதவு. என்னைவிடச் சில வயது இளையது. கம்ப்ரஸர் இன்றும் சத்தமில்லாமல் ஓடுகிறது. வெளித்தகட்டில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். போனதெல்லாம் பிளாஸ்டிக். கதவுத் தட்டில் பாட்டில் விழாமல் தாங்கும் முன்பட்டை இரண்டாக உடைந்தது, ஃப்ரீசர் மூடி கீலோடு கழன்றது, காய்கறி டிரேயில் மூலைக்கு மூலை விரிசல். வீட்டில் எம்-சீல் வைத்துப் பார்த்தோம், பசை போட்டுப் பார்த்தோம். சேலம் அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டை ஒட்டிய சந்தில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "எஞ்சினுக்கு இன்னும் பத்து வருசம் ஒண்ணும் ஆகாதுங்க சார், இந்தப் பிளாஸ்டிக்தான் இதைக் காயலான் கடைக்கு அனுப்பப் பாக்குது."

உண்மைதான். நாலணா சாமான் இல்லாததால் முழு ஃபிரிட்ஜையும் எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். கோத்ரெஜ் கம்பெனி அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் துணையோடு இந்தியாவில் முதல் ஃபிரிட்ஜைச் செய்தது 1958-ல். பிறகு ஃபரிதாபாத்திலிருந்து கெல்வினேட்டர், ஹைதராபாத்திலிருந்து ஆல்வின் என்று வந்தன. கல்யாணச் சீரில் ஃபிரிட்ஜ் இருந்தால் அதைப் பார்க்கவே தெரு கூடிய காலம் அது. அந்த மாடல்களின் பிளாஸ்டிக் பாகங்கள் இரும்பு அச்சில் வார்த்தவை. அப்படி ஓர் அச்சு வெட்ட இன்று லட்சங்கள் ஆகும். ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் போட்ட பணம் திரும்பும். மாடல் நின்ற பிறகு அந்த அச்சை வைத்துக் கும்பிடவா முடியும்? ஆகவே ஸ்பேர் கடைகளில் டோர் ரப்பர் கிடைக்கும், தெர்மோஸ்டாட் கிடைக்கும், ரிலே கிடைக்கும். எந்த ஃபிரிட்ஜுக்கும் பொருந்துவது எல்லாம் கிடைக்கும். ஒரே ஒரு மாடலுக்கு மட்டும் பொருந்துவது கிடைக்காது.

பிளாஸ்டிக் ஏன் இப்படிச் சாகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சாதாரண பாலிஸ்டைரீன் கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும். அதில் ரப்பர் துகள் கலந்து முறியாத ரகம் ஒன்றைச் செய்தார்கள். ஃபிரிட்ஜின் உட்பக்கம் பெரும்பாலும் அதுதான். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு முதலில் சாவது அந்த ரப்பர். நிறம் பழுப்பேறும், பிறகு நொறுங்கும். இன்னொரு எதிரி எண்ணெய்ப் பிசுக்கு. ஏற்கெனவே பளு தாங்கி இறுக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீன் மேல் எண்ணெய் ஊறினால் மயிரிழை விரிசல் ஓடும். கதவுத் தட்டில் நாம் எதை வைக்கிறோம்? ஊறுகாய் பாட்டில், வெண்ணெய்க் கிண்ணம், மிளகாய்ப் பொடிக்கென்று எடுத்து வைத்த நல்லெண்ணெய். உடைவது எப்போதும் அந்தத் தட்டு என்பதில் ஆச்சரியமே இல்லை.

மெக்கானிக் சிரமப்படுவது வேறொரு பாகத்தில். பழைய ஃபிரிட்ஜில் வெளி இரும்புப் பெட்டிக்கும் உள் பெட்டிக்கும் இடையில், கதவு வாய் நெடுக ஒரு பட்டை ஓடும். வெளிச் சூடு உள்ளே கடக்காமல் தடுப்பது அதன் வேலை. அதைக் கழற்றினால்தான் உள்ளே பஞ்சையும் ஒயரையும் பார்க்க முடியும். குளிர்ந்த நிலையில் நெம்பினால் பட்டை அப்பளமாகும். அவர் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பட்டைமேல் ஒத்தடம் கொடுத்து, இளகியதும் மரக் கரண்டியின் காம்பால் மெல்ல விடுவிப்பார். ஸ்க்ரூ டிரைவரை அந்தப் பக்கமே அண்டவிட மாட்டார்.

சரி, உடைந்ததை வைத்து இன்னொன்று செய்ய வேண்டியதுதானே என்றுதான் எனக்கும் தோன்றியது. மைக்கா துண்டுகளால் பெட்டி கட்டு, உடைந்ததை ஒட்டி உள்ளே கிடத்து, சிலிக்கான் ரப்பரை ஊற்று, இறுகியதும் பிரித்து அந்தக் குழியில் ரெசின் ஊற்று. அஸ்தம்பட்டி கோர்ட்டும் மத்திய சிறையும் உள்ள ஊர். அதனாலோ என்னவோ அவர் சொன்ன பதில் வழக்காடுகிற மாதிரியே இருந்தது: "சார், உடைஞ்ச துண்டு பொய்ச்சாட்சிங்க. அது சொல்றதை அப்படியே எழுதிக்கக் கூடாது."

விஷயம் இதுதான். கதவுத் தட்டுப் பட்டை பல வருடம் பாட்டில் பாரம் தாங்கி நடுவில் தொய்ந்திருக்கும். அதை அப்படியே அச்செடுத்தால் தொய்வும் சேர்ந்து பிறக்கும். ஒட்டிய இடத்தில் பசை அரை மில்லிமீட்டர் கூட்டியிருக்கும். போதாததற்குப் புதிதாக ஊற்றும் பொருளும் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அரை சதவீதம் என்றாலும் 40 சென்டிமீட்டர் பட்டையில் 2 மில்லிமீட்டர் போய்விடும். இரு முனையிலும் உள்ள கொக்கி கதவுத் துளையில் விழாது. அவர் நம்புவது இரும்பை. கதவுச் சட்டத்துத் துளைக்குத் துளை வெர்னியரில் அளந்து முதலில் குறித்துக்கொள்வார். பிறகு உடைந்த துண்டை விசாரிப்பார்: எங்கே வளைந்தாய், எவ்வளவு சுருங்கினாய் என்று. சுருக்கத்துக்கு ஈடாக நடுவே அறுத்து நீளம் கூட்டுவார், தொய்வைச் சட்டத்தில் கட்டி நிமிர்த்துவார், தேய்ந்த கோட்டை ஊசிமுனை உளியால் மறுபடி இழுப்பார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெழுகு மாதிரி செதுக்குகிற நண்பர் ஒருவர் இதற்கு வந்து உதவுவதுண்டு. வெள்ளிப் பட்டறைக் கண்ணுக்கு மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம்.

அச்செடுப்பதில் தொல்லைகள் பல. மாதிரியைப் பாதி புதைத்து வைக்கக் கலர் களிமண் வேண்டும். ஸ்டேஷனரி கடையில் குழந்தைகளுக்கு விற்கும் களிமண் சிலவற்றில் கந்தகம் இருக்கும். நல்ல ரகச் சிலிக்கான் கந்தகத்தைக் கண்டால் இறுகாது. பட்ட இடம் மட்டும் ஜவ்வாகவே கிடக்கும். வெள்ளை லேடெக்ஸ் கையுறைக்கும் இதே குணம், அதனால் அவர் வெறுங்கையோடுதான் கலப்பார். பாலியுரிதேன் ரெசினுக்கு ஆகாதது ஈரம். இரண்டு திரவத்தைக் கலந்த நொடியிலிருந்து மூன்று நான்கு நிமிடம்தான் அவகாசம். அதற்குள் காற்றிலுள்ள ஈரம் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பிப் பொங்கிவிடும். ஐப்பசியில் சேர்வராயன் மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டால் அன்று ஷெட்டில் ஊற்றும் வேலை கிடையாது. டப்பாவை மூடி வைத்துவிட்டு வாஷிங் மெஷின் பார்க்கப் போய்விடுவார்.

குமிழ் எடுக்க அவர் வைத்திருக்கும் யந்திரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தடித்த எவர்சில்வர் பானை ஒன்று, சேலத்தில் எவர்சில்வருக்கா பஞ்சம். மேலே கனமான அக்ரிலிக் பலகை மூடி. காற்றை உறிஞ்ச, செத்த ஃபிரிட்ஜிலிருந்து பிடுங்கிய கம்ப்ரஸர், அதன் உறிஞ்சு குழாயைப் பானையோடு மாட்டியது. கலந்த சிலிக்கானைப் பானைக்குள் வைத்து ஓட்டினால் அது பால் பொங்குகிற மாதிரி எழும்பி, உச்சிக்கு வந்து, பொல்லென்று அமர்கிறது. செத்த ஃபிரிட்ஜின் எஞ்சின் உயிரோடிருக்கும் ஃபிரிட்ஜுக்குப் பாகம் செய்கிறது.

இப்போது பையன்கள் த்ரீடி பிரிண்டர் வைத்திருக்கிறார்கள். குமிழ், கைப்பிடி மூடி, பெயர்ப் பட்டை போன்ற சிறு சாமான்களுக்கு அது நல்ல வழி. ஆனால் மலிவு ரகமான பிஎல்ஏ 60 டிகிரியில் இளகிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் அனுப்பினால் கைப்பிடி வாழைப்பழமாக வந்து சேரும். ஏபிஎஸ் தாங்கும், ஆனால் பிரிண்ட் செய்யும்போதே ஓரம் தூக்கிக்கொள்ளும். என் கட்சி, பிரிண்டரில் மூலமாதிரி மட்டும் செய்துகொண்டு, தேய்த்து மழுக்கி, அதிலிருந்து அச்செடுப்பது. கோடு கோடாக அடுக்கிய முகம் பழைய ஃபிரிட்ஜில் ஒட்டாது.

ஒரு விஷயத்தில் அவரும் நானும் கறார். வார்ப்பு ரெசின்களில் பெரும்பாலானவை சாப்பாடு படுவதற்கு உகந்தவை அல்ல. கைப்பிடி, வாய்ப்பட்டை, தட்டின் முன்பட்டை வரை சரி. காய்கறி டிரேயை வார்க்கச் சொல்லி வருகிறவர்களிடம், எவர்சில்வர் டிரே அடித்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார். பழைய முகம் கெடுகிறதே என்று ஆசாமிகள் முனகுவார்கள். தக்காளி முகம் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் இது ஒரு தனி உலகம். 1927-ல் ஜெனரல் எலக்ட்ரிக் விட்ட, தலையில் வட்டக் கம்ப்ரஸரைச் சுமந்த 'மானிட்டர் டாப்' பெட்டிகளை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே கந்தக டை ஆக்சைடு வாயு, கசிந்தால் வீடே தும்மும். நம்மூர் ஆசாமிகளிடம் அத்தனை பழைய பெட்டிகள் இல்லை. ஏற்காட்டுப் பங்களாவிலிருந்து எப்போதாவது இறங்கும் கெரசின் ஃபிரிட்ஜ் ஒன்றிரண்டு, மற்றபடி எழுபது எண்பதுகளின் ஒற்றைக் கதவுகள். கரண்ட் மிச்சம் என்று யாரும் இதைச் செய்வதில்லை. புது ஸ்டார் ஃபிரிட்ஜ் குறைவாகத்தான் இழுக்கும். பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறோம். இதற்கு மேல் நியாயம் தேடி அலையத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

நிறம் பற்றித்தான் எங்களுக்குள் சண்டை. புதுப் பட்டையைப் பால்வெள்ளையாக வார்த்தால் பழுத்த கதவில் கட்டிய பல் மாதிரி துருத்தும். நான் பழுப்புச் சாயம் கலக்கச் சொன்னேன். "கம்பெனி வெள்ளையாத்தானே குடுத்தான்" என்பது அவர் வாதம். கடைசியில் டீத்தூள் நிறத்தில் ஒரு சொட்டு விட்டு, பழைய பட்டையில் வெளிச்சம் படாத பின்முகத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். எனக்கு முழுத் திருப்தி இல்லை. அவருக்கும் இல்லை. பட்டையின் முதுகில் மட்டும் வார்த்த வருடத்தையும் மாதத்தையும் உளியால் கீறிவிட்டார், நாளைக்கு எவனாவது இதைக் கம்பெனிப் பாகம் என்று நம்பி அளவெடுத்துவிடக் கூடாதாம்.

இனி ஃப்ரீசர் மூடி பாக்கி. அது வார்ப்புக்கு அடங்காது. மர மாதிரியில் ஊசித்துளைகள் போட்டு, சூடாக்கித் தொய்ந்த பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் படுக்க வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். அந்தச் சைசுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர்களுக்கு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் கேட்டிருக்கிறோம். ஒரு மூடிக்கு ஷீட் ஓட்ட மாட்டார்களாம், பத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதே மாடல் வைத்திருக்கும் இன்னும் ஒன்பது பேரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.